தமிழ்த் திரைக்கதைக்கு ஃபவுண்டன் ஒத்துவருமா?

திரைக்கதை எழுதும் ஒரு மென்பொருளுக்குச் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டதில் என்னுடைய நாற்பது சீன் உள்ளே மாட்டிக்கொண்டது. கோப்பு என் கணினியில்தான் இருக்கிறது, திறந்தால் படிக்கலாம், ஆனால் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. அந்தக் கோபத்தில் வேறு வழி தேடியபோது கிடைத்ததுதான் ஃபவுண்டன். அதற்கப்புறம் மூன்று திரைக்கதை அதில் எழுதி முடித்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: தமிழில் எழுதுகிறவர்கள் கண்டிப்பாக முயன்று பார்க்க வேண்டும்.

சாதாரண டெக்ஸ்ட் கோப்பிலேயே திரைக்கதை எழுதுவதற்கான முறை இது. 'பிக் ஃபிஷ்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவரும், 'தி நைன்ஸ்' படத்தை எழுதி இயக்கியவருமான ஜான் ஆகஸ்ட் ஒருபக்கம், திரைப்பட இயக்குநர் ஸ்டூ மாஷ்விட்ஸ் இன்னொருபக்கம் என்று தனித்தனியாக இதே யோசனையோடு இருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து 2012இல் வெளியிட்டார்கள். இலவசம். நோட்பேடில் எழுதலாம், போனில் எழுதலாம், எந்த நிறுவனம் கடையை மூடினாலும் உங்கள் கோப்பு திறக்கும்.

சரி, தமிழில் எங்கே இடிக்கும்? ஆங்கிலத்தில் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால், பேசப்போவது இவர்தான் என்று ஃபவுண்டனைப் படிக்கும் மென்பொருள் தானே புரிந்துகொள்ளும். நமக்கு ஏது பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்? முதல் நாள் நான் எழுதிய டயலாக் அத்தனையும் விவரணையோடு விவரணையாக ஒட்டிக்கொண்டு நின்றது. விதிகளை உட்கார்ந்து படித்தபோதுதான் வழி தெரிந்தது. பெயருக்கு முன்னால் @ போட்டால் போதும். அதேபோல் சீன் தலைப்புக்கு இன்டீரியர், எக்ஸ்டீரியரின் ஆங்கிலச் சுருக்கத்தை எதிர்பார்க்கும், அதற்குப் பதிலாக ஒரு புள்ளி வைத்து ஆரம்பித்தால் ஏற்றுக்கொள்ளும். இப்படி:

.ரயில் பெட்டி - இரவு

ஜன்னல் ஓரத்தில் மாலதி. எதிர் இருக்கை காலி.

@மாலதி
(மெதுவாக)
நீ வரமாட்டேன்னு தெரிஞ்சுதான் கிளம்பினேன்.

பெயருக்கு மேலே ஒரு வரி காலியாக இருக்க வேண்டும், கீழே இருக்கக் கூடாது. இதை மட்டும் விரலுக்குப் பழக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது = குறிதான். சீன் தலைப்புக்குக் கீழே அந்தக் குறி போட்டு அந்த சீனில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதி வைத்தால், அது அச்சில் வராது, ஆனால் அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே கதை எங்கே தொய்கிறது என்று பளிச்சென்று தெரியும். என் இரண்டாவது கதையில் இடைவேளைக்கு முன்னால் ஆறு சீனில் நாயகி யாருக்காவது காத்துக்கொண்டே இருந்ததை நான் கண்டுபிடித்தது அப்படித்தான். வெட்ட மனசு வராத சீனை /* */ குறிகளுக்குள் போட்டு வைக்கலாம், கோப்பிலேயே இருக்கும், பிரதியில் வராது.

குறை என்று பார்த்தால் பக்கக் கணக்கு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கு, எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் நிற்கும் 12 புள்ளி கூரியர் எழுத்துருவை நம்பியது. ஜான் ஆகஸ்ட் இலவசமாக 2013இல் வெளியிட்ட கூரியர் ப்ரைம் எழுத்துரு அழகானதுதான், ஆனால் அதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. வேறு எழுத்துருவில் எடுத்தால் கணக்கு மாறிவிடும். நான் பக்கத்தை எண்ணுவதை விட்டுவிட்டு, வாய்விட்டுப் படித்து நேரம் பார்க்கிறேன்.

எந்த மென்பொருளில் எழுதுவது என்றால், ஜான் ஆகஸ்டுடைய ஹைலேண்ட் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் விஎஸ் கோடு என்ற இலவச எடிட்டரில் பெட்டர் ஃபவுண்டன் என்ற இலவச நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம். எதுவானாலும் முதலில் இரண்டு பக்கம் எழுதி பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள், தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா என்று பார்த்த பிறகு முழுக்கதைக்குள் இறங்குங்கள்.

அப்புறம், கதை நின்றுபோனால் எடுத்துப் பார்க்க ஒரு சீட்டுக்கட்டும் ஜான் ஆகஸ்ட் 2014இல் கொண்டுவந்தார். எனக்கு அதன் தேவை வரவில்லை. ஆனால் 2011இலிருந்து இன்னொரு திரைக்கதை எழுத்தாளரான கிரெய்க் மேசினோடு சேர்ந்து அவர் நடத்தும் ஸ்கிரிப்ட்நோட்ஸ் பாட்காஸ்ட்டை விடாதீர்கள். அதில் நேயர்கள் அனுப்பும் திரைக்கதையின் முதல் மூன்று பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரிவரியாகப் பேசுவார்கள். அறைக்குள் யார் யார் இருக்கிறார்கள், எப்போது உள்ளே வந்தார்கள், இதைப் படிக்கிறவருக்கு எந்த வரியில் தெரிகிறது என்று அவ்வளவு பொறுமையாக. ஒரு பகுதியைக் கேட்டு முடித்த கையோடு என் ரயில் சீனைத் திறந்தேன். மாலதிக்கு எதிர் இருக்கை காலி என்ற வரி அதுவரை அவள் பேசி முடித்த பிறகு இருந்தது. அதைத் தூக்கி மேலே வைத்தேன்.