விஎஸ் கோடில் ஜாவாஸ்கிரிப்ட் சோதனை: ஈஎஸ்லின்ட்டா, பயோமா?

விஎஸ் கோட் திருத்தியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைத் தட்டச்சு செய்யும்போதே பிழைகளைச் சுட்டிக்காட்டச் செய்வதற்கு, 2013இல் நிக்கோலஸ் சக்காஸ் தொடங்கிய ஈஎஸ்லின்ட்டும், ரோம் என்ற திட்டத்திலிருந்து 2023இல் கிளைத்த பயோமும் கருதத்தக்க இரு வழிகள். இரண்டுக்குமே திருத்தியில் நீட்சியையும் (எக்ஸ்டென்ஷன்), திட்டக் கோப்புறையில் என்பிஎம் என்ற தொகுப்பு மேலாளர் வழியாகக் கருவியையும் நிறுவ வேண்டும். நீட்சியை மட்டும் நிறுவிவிட்டு எச்சரிக்கைக் கோடுகளுக்காகக் காத்திருப்பது வீண்.

ஈஎஸ்லின்ட்டின் வலிமை அதன் செருகுநிரல்களில் (பிளகின்) இருக்கிறது: ரியாக்ட், வியூ போன்ற இடைமுகம் அமைக்கும் நூலகங்களுக்கான தனி விதிகளைச் சேர்க்கலாம், குழுவின் வழக்கத்திற்கேற்பச் சொந்த விதிகளையும் எழுதிக்கொள்ளலாம். ஆயினும் 2024இல் வெளிவந்த 9ஆம் பதிப்பு புதிய அமைப்புக் கோப்பு வடிவத்தை இயல்பாக்கிவிட்டதால், பழைய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவோருக்குக் கருவி பெரும்பாலும் பிழைச்செய்தியையே தருகிறது. நிரலின் தோற்றத்தை ஒழுங்குபடுத்தும் பிரிட்டியர் என்ற கருவியையும் உடன் வைத்திருந்தால், இரண்டின் விதிகளும் மோதாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பயோம் விரைவானது. நிரலை ஒழுங்குபடுத்தும் பணியையும் அதுவே ஏற்கிறது. அமைப்புகளுக்கு ஒரே ஜேசான் கோப்பு போதும். புதிய சிறு திட்டமென்றால் தயங்காமல் இதையே தேர்வேன். செருகுநிரல்களைப் பெரிதும் நம்பியிருக்கும் பழைய திட்டத்தை மட்டும் ஈஎஸ்லின்ட்டிலிருந்து பெயர்க்க வேண்டியதில்லை.