கொக்கியும் நக்கிளும் கலந்த ரயிலுக்குக் கேடீ கப்ளர்

பெரிய அளவு மாடல் ரயிலில் யாரிடம் வாங்கினாலும் தண்டவாள அகலம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர்தான். அதனால் எல்லாப் பெட்டிகளும் ஒரே பாதையில் ஓடும். ஒன்றோடொன்று மாட்டச் சொன்னால்தான் தகராறு. 1968-ல் வந்த எல்ஜிபி என்ற ஜெர்மன் பிராண்டு வண்டிகளில் கொக்கியும் வளையமும் இருக்கும்; அமெரிக்க பாணி வண்டிகளில் மடக்கிய விரல் போன்ற நக்கிள், அதிலும் ஆளுக்கொரு அளவு. என்னிடம் எல்லாம் கலந்து சேர்ந்துவிட்டதால் ஒரே வகைக்கு மாற்ற முடிவு செய்து, கேடீ என்ற அமெரிக்க நிறுவனத்தின் நக்கிள் கப்ளர்களை (பெட்டிகளை இணைக்கும் பூட்டுகளை) போட்டேன். எனக்கு முழுத் திருப்தி.

இரண்டு கைகளின் விரல்களை மடக்கிக் கோத்தது போல இந்தத் தலைகள் பிடித்துக்கொள்ளும். பெட்டியை மெதுவாகத் தள்ளினால் போதும், தானே பூட்டும். தலைக்குக் கீழே வளைந்து தொங்கும் கம்பிதான் இதன் சிறப்பு. தண்டவாளத்தின் நடுவே காந்தம் வைத்து, அதன்மேல் பெட்டிகளை நிறுத்தி, இழுவை தளரும்படி லேசாகப் பின்னால் தள்ளினால், காந்தம் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து நக்கிளைத் திறந்துவிடும். கை வைக்கவே வேண்டாம். பெட்டிகளைக் கழற்றி மாட்டி இடம் மாற்றும் ஷண்டிங் பிடித்தவர்களுக்கு இதற்காகவே வாங்கலாம்.

ஆனால் கப்ளரோடு, அதன் உயரம் சரியா என்று காட்டும் உயரமானியையும் கட்டாயம் வாங்குங்கள். பாதை ஒன்றானாலும் அளவு ஒன்றல்ல. 1:32 வண்டி (நிஜத்தின் 32-ல் ஒரு பங்கு) ஸ்டாண்டர்ட் கேஜ் ரயிலின் மாதிரி, 1:22.5 மீட்டர் கேஜ், 1:20.3 மூன்றடிப் பாதை. பெட்டியின் தரைமட்டம் ஒவ்வொன்றிலும் வேறு. உயரமானியைத் தண்டவாளத்தில் வைத்துப் பெட்டியை அதனருகே உருட்டிப் பார்த்தால், தலை மேலே நிற்கிறதா கீழே தொங்குகிறதா என்று உடனே தெரியும். வித்தியாசம் கொஞ்சமென்றால் கப்ளரின் கூட்டுக்கும் பெட்டியின் அடித்தளத்துக்கும் நடுவே ஒரு வாஷர் போதும். அதிகமென்றால், மேலோ கீழோ வளைந்த தண்டுள்ள வகையை எடுக்க வேண்டும். கேடீயில் அவை தனியாகவே கிடைக்கின்றன. தலைகள் பாதி உயரத்தில்தான் பிடித்திருக்கிறது என்றால் சமதளத்தில் ஓடும். பாதை சற்று மேடு ஏறும் இடத்தில் ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கிக் கழன்றுவிடும். கம்பியின் நுனியையும் பாருங்கள், கிராசிங்கில் இடிக்கக் கூடாது.

அடுத்து, எங்கே மாட்டுவது? பெட்டியின் உடலில் மாட்டினால் நீளமான ரயிலைப் பின்னால் தள்ளும்போது சக்கரங்கள் தடம் புரளாது, தள்ளும் விசை போகி (பெட்டிக்குக் கீழே சக்கரங்களோடு திரும்பும் சட்டம்) மேல் விழுவதில்லை. அதனால் என் ஓட்டு உடலுக்குத்தான். ஆனால் 600 மில்லிமீட்டர் ஆரமுள்ள இறுக்கமான வளைவில் நீளப் பெட்டிகளுக்கு அது சரிவராது. தலை அவ்வளவு தூரம் ஒதுங்காது, பக்கத்துப் பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து இழுத்துவிடும். அந்தப் பாதைக்கு போகியிலேயே மாட்டுவதுதான் நல்லது, பின்னால் தள்ளுவதைக் குறைத்துக்கொள்ளலாம்.

பொருத்துவது சிரமமில்லை: ஸ்குரூ டிரைவர், சில வண்டிகளுக்கு ஒரு சிறிய துளை. எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசியைப் பிடித்துவைக்கும். கொஞ்சம் கிராஃபைட் தூள் போட்டால் நக்கிள் சுலபமாகத் திரும்பும்.

எல்லாப் பெட்டியையும் ஒரே நாளில் மாற்றும் அவசியமும் இல்லை. ஒரு பெட்டியை மட்டும் எடுத்து, ஒரு முனையில் பழைய கொக்கியை விட்டுவிட்டு மறுமுனையில் கேடீ போடுங்கள். பழைய என்ஜினுக்கும் புதிய பெட்டிகளுக்கும் நடுவே அது நிற்கட்டும். நான் ஒரு சின்ன சரக்குப் பெட்டியை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். குட்டையானது என்பதால் எந்த வளைவிலும் தொல்லை தராது.