ஏற்காட்டு வீட்டு நீச்சல் குளத்துக்குக் காயில் ஹீட்டரா, ஹீட் பம்ப்பா?

எரிந்த பிளக் ஒன்றை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஒரு முள்ளைச் சுற்றி பிளாஸ்டிக் உருகி, வெல்லப்பாகு மாதிரி இறங்கி உறைந்திருக்கிறது. மூன்று கிலோவாட் காயில் ஹீட்டரை 15 ஆம்ப் சாக்கெட்டில் சொருகிவிட்டு, இரண்டாம் நாள் இரவு நாங்கள் நிம்மதியாகத் தூங்கியதற்குக் கிடைத்த பரிசு. எலக்ட்ரீஷியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், கீசர் கால் மணி நேரம் ஓடி நிக்கும். இது ராத்திரி பகலா ஓடுது. பிளக் என்ன பண்ணும்?” என்றார்.

வீடு ஏற்காட்டில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில். குளம் சின்னது: 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். கிட்டத்தட்ட 21,600 லிட்டர். மார்கழியில் தண்ணீர் 20 டிகிரிக்கு வந்துவிடும். அதில் குதித்த பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் உதடு நீலம் பாய்ந்து ஏறி வருவார்கள். 28 டிகிரியாவது வேண்டும்.

ஆயிரம் லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வேண்டும். எங்கள் குளத்துக்கு டிகிரிக்கு 25 யூனிட், எட்டு டிகிரிக்கு 200 யூனிட். எந்தக் கருவி வாங்கினாலும் தண்ணீருக்குள் போக வேண்டிய சூடு இவ்வளவுதான். அது எந்த வழியாக வருகிறது என்பதில்தான் விஷயமே.

சோலாரை நான் ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டேன். சூடு தேவைப்படும் அதே வாரங்களில்தான் இங்கே பனிமூட்டம் இறங்கி உட்காரும். கேஸ் பாய்லர் வேகமானது, ஆனால் அந்த 200 யூனிட் சூட்டுக்கு ஒரு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் காலி. மலைமேல் சிலிண்டர் ஏற்றி இறக்க என்னால் ஆகாது.

மிச்சம் இரண்டு. காயில் ஹீட்டர் என்பது பெரிய கீசர்தான்: விலை குறைவு, சத்தம் கிடையாது, கெட்டுப்போகக் காயிலைத் தவிர பெரிதாக எதுவும் இல்லை. ஒரு யூனிட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு தரும். ஹீட் பம்ப் என்பது திருப்பிப் போட்ட ஏசி. வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குத் தரும். எனக்கு வந்த கொட்டேஷன்களில் காயிலைப் போல ஐந்து மடங்கு விலை. நான் வாங்கியது ஹீட் பம்ப்.

பில் குறையும் என்றுதான் எல்லோரும் அதை வாங்கச் சொல்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது காரணம். முதல் காரணம் ஈபி மீட்டர். எங்களுடையது சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ், மீட்டரில் 5-30 ஆம்ப் என்று எழுதியிருக்கிறது. 9 கிலோவாட் காயில் 39 ஆம்ப் இழுக்கும். மீட்டரே தாங்காது. 6 கிலோவாட் என்றால் 26 ஆம்ப். அது ஓடும்போது கீசரும் போடக்கூடாது, மோட்டாரும் போடக்கூடாது. 3 கிலோவாட் என்றால் 13 ஆம்ப், அது மட்டும்தான் அடங்கும். ஆனால் 200 யூனிட்டை 3 கிலோவாட்டில் ஏற்ற 67 மணி நேரம் ஆகும், அதுவும் வழியில் சூடு கொஞ்சமும் போகாமலிருந்தால். மூடாத குளம் ஒரே இரவில் இரண்டரை, மூன்று டிகிரி இறங்கிவிடும். அதாவது 70 யூனிட் பக்கம். 3 கிலோவாட் காயில் நாள் முழுக்க ஓடித் தருவது 72 யூனிட். பகலெல்லாம் இறைத்ததை இரவு குடித்துவிடுகிறது. பிளக் எரியாமல் இருந்திருந்தாலும் நாங்கள் 28-ஐப் பார்த்திருக்க மாட்டோம். போதாததற்கு மாலையில் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால், மூன்று கிலோவாட் காயில் இரண்டு கிலோவாட்டாகச் சுருங்கிவிடும்.

த்ரீ ஃபேஸுக்கு மாறலாம்தான். 15 கிலோவாட் காயிலும் அப்போது ஒரு ஃபேஸில் 22 ஆம்ப்தான். ஆனால் அதற்குக் கூடுதல் லோடுக்கு விண்ணப்பம், டெவலப்மென்ட் சார்ஜ், டெபாசிட், கம்பத்திலிருந்து புது வயர். வருடத்தில் இருபது நாள் குளிப்பதற்கு இத்தனை அலைச்சலா என்று மனைவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இப்போது இருக்கும் ஹீட் பம்ப் இழுப்பது 9 ஆம்ப், சுமார் 2 கிலோவாட். தண்ணீருக்குத் தருவது 8 கிலோவாட் பக்கம். ஸ்டிக்கரில், இழுக்கும் கரண்டைப் போல ஆறு மடங்கு சூடு என்று போட்டிருப்பார்கள். அது 26, 27 டிகிரி ஈரக்காற்றில் சோதித்த கணக்கு. ஏற்காட்டுக் குளிரில் நான்கு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை டைமரில் ஓடவிடுகிறேன். காற்று சூடாக இருக்கும், வோல்டேஜும் நிற்கும், காலைக் கீசர்களோடு சண்டையும் இல்லை. விருந்தாளிகள் வருவதற்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் இரவிலும் ஓடும். இரவில் குளத்தைக் கவர் போட்டு மூடியே ஆகவேண்டும். சூடு பெரும்பாலும் ஆவியாகத்தான் போகிறது.

பில்லுக்கு வருவோம். கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை இருபது நாள், மூடி வைத்தால் நாளுக்கு 50 யூனிட் சூடு ஈடுகட்ட வேண்டும். ஆரம்பச் சூட்டோடு சேர்த்துக் காயிலுக்கு 1200 யூனிட், ஹீட் பம்ப்புக்கு 300. வீட்டுச் செலவு 300-ஐச் சேர்த்தால் இரண்டு மாதப் பில்லில் 1500 எங்கே, 600 எங்கே. 500 தாண்டினால் கீழ் ஸ்லாபின் சலுகை விலையும் போய்விடும், அதில் நானும் மாட்டிக்கொண்டேன். 1000 தாண்டியபின் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். காயில்காரர் அங்கேதான் போய் நிற்பார்.

குறையும் உண்டு. வோல்டேஜ் இறங்கினால் ஹீட் பம்ப் தானே நின்றுவிடும். காயில் சுணங்கினாலும் ஓடும். அதிகாலைக் குளிரில் காற்று இழுக்கும் பக்கத்துத் தகடுகளில் பனி படிந்து, அது உருகும்வரை சும்மா நிற்கும். ஃபேன் சத்தம் படுக்கையறை வரை கேட்கும். கம்ப்ரஸர் எத்தனை வருடம் உழைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்த்தது இரண்டு குளிர்காலம்தான்.

ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் இருந்து, வருடத்துக்கு இரண்டு வாரக்கடைசிதான் குளம் என்றால் காயிலே வாங்குங்கள். ஹீட் பம்ப் விலையை அந்த மிச்சத்தில் எடுக்கவே முடியாது. இரண்டில் எதுவானாலும் பிளக்கில் சொருகாதீர்கள். போர்டிலிருந்து தனி வயர், லோடு மீறினால் தானே விழும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். எங்கள் போர்டிலிருந்து குளத்தடி வரை 40 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் இழுத்தோம். எலக்ட்ரீஷியன் அந்த 15 ஆம்ப் சாக்கெட்டையும் கையோடு கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.