புபூசாவுக்கு எந்த அரிசி மாவு: மில்லா, பாக்கெட்டா?

பர்மாவிலிருந்து வந்த அத்தோ நூடுல்ஸை ரோட்டோரம் நின்றபடியே சாப்பிட்டுப் பழகிய வடசென்னைக்கு எல் சால்வடோரின் புபூசா மிரட்டும் பண்டமல்ல. பூரணம் வைத்து மூடி, தட்டி, எண்ணெய் தொட்ட கல்லில் சுடும் தடித்த அடை, அவ்வளவுதான். 2005இல் அந்த நாடு இதைத் தேசிய உணவாக அறிவித்தது. பொதுவாக மக்காச்சோள மாவில் செய்வார்கள். தலைநகர் சான் சால்வடோரிலிருந்து விமான நிலையம் போகிற வழியில் உள்ள ஒலொகுயில்டா ஊர்தான் அரிசி மாவு புபூசாவுக்குப் பேர்போனது. நம் வீட்டுக்குத் தோது அதுதான்.

இங்கே கிடைக்கும் மாவு மூன்று வகை. வறுக்காத சாதா பச்சரிசி மாவு பாக்கெட்டைத் தொடாமல் விடுவது நல்லது. கோலமாவு மாதிரி நறநறக்கும். எவ்வளவு பிசைந்தாலும் தட்டும்போது ஓரம் பிளக்கும். இடியாப்ப மாவு பாக்கெட் பரவாயில்லை. நைஸாக இருப்பதால் வெடிப்பு குறைவு, ஆனால் ஆறினதும் சற்று விறைத்துப்போகும்.

முதலிடம் மில்லில் அரைத்த ஈர மாவுக்குத்தான். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலாகப் பரப்பி, கையில் ஒட்டியும் ஒட்டாத ஈரத்தில் கொடுக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையோ தண்டையார்பேட்டையோ, எல்லா மில்லிலும் ஈர அரிசியை வாங்க மாட்டார்கள், கேட்டுவிட்டு ஊறவையுங்கள். நமக்கு முன்னால் கேழ்வரகு அரைத்திருந்தால் முதலில் விழும் ஒரு பிடியை ஒதுக்கிவிடுங்கள். வந்ததும் சலித்து அன்றே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் புளிப்பு வாடை அடிக்கும். அலைச்சல்தான், ஆனால் சுட்டபின் உள்ளே இருக்கும் மிருது பாக்கெட்டில் வராது.

எந்த மாவானாலும் தண்ணீர் தளதளவென்று கொதித்தே ஆகவேண்டும். கோதுமை மாவை ஒட்டவைக்கும் குளூட்டன் புரதம் அரிசியில் இல்லை. கொதிநீரில் மாவுச்சத்து பாதி வெந்து கூழாவதுதான் ஒட்டவைக்கிறது. வெதுவெதுப்பாக ஊற்றினால் கொழுக்கட்டைச் செப்பு உடைகிற அதே கதை. 2 கப் இடியாப்ப மாவுக்கு ஏறத்தாழ 2¼ கப் தண்ணீர், முக்கால் டீஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். ஈர மாவுக்கு ஒன்றரை கப்பில் ஆரம்பித்து, தேவையானால் தெளித்துக்கொள்ளலாம். கரண்டிக் காம்பால் கிளறி, மூடி 10 நிமிடம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். ஒரு உருண்டையை அமுக்கினால் ஓரம் வெடிக்கக் கூடாது. வெடித்தால் ஈரம் போதவில்லை.

80 கிராம் உருண்டைக்கு 30 கிராம் பூரணம். அதற்கு மேல் திணித்தால் கல்லில் பிதுங்கும். அவித்த ராஜ்மாவை மசித்து, எண்ணெயில் வாணலியை விட்டுத் திரளும்வரை வதக்கி, துருவிய மொசரெல்லா சேர்ப்பது இங்கே எளிது. அங்கே போடும் கேசியோ சீஸ் உருகி இழுபடும். பன்னீர் உருகாது, அதனால் சௌகார்பேட்டையில் எவ்வளவு நல்ல பன்னீர் கிடைத்தாலும் இதற்கு உதவாது. அசல் பூரணங்களில் அரைத்த பன்றி இறைச்சியும், லொரொகோ என்ற பூமொட்டும் உண்டு. காசிமேட்டு இறால் போடுவதானால் பொடியாக நறுக்கி, தண்ணீர் முழுக்கச் சுண்டவிட வேண்டும். பூரணத்தில் நீர் நின்றால் மாவின் அடிப்பக்கம் ஊறிக் கிழியும்.

எண்ணெயும் தண்ணீரும் கலந்து கையில் தொட்டுக்கொண்டு, ஒரு செ.மீ. தடிமனுக்குத் தட்டுங்கள். கனமான இரும்புக் கல், மிதமான தீ, பக்கத்துக்கு 4 நிமிடம். அடி தானாக விடும்வரை திருப்பியைக் கொண்டுபோகாதீர்கள். தீ அதிகமானால் மேலே கருகும், உள்ளே மாவு வாடை நிற்கும்.

கூட வைக்க குர்த்திதோ வேண்டும்: மெலிதாக நறுக்கிய கோஸின் மேல் கொதிநீர் ஊற்றி, உடனே வடித்து, கேரட், வெங்காயம், ஆரிகனோ, உப்பு, வினிகர் சேர்த்து ஓரிரவு வைப்பது. தண்ணியான தக்காளி சல்சாவும் உண்டு. காரச் சட்னி வைத்தால் யாரும் வழக்குப் போடப்போவதில்லை, சீஸ் ருசி மட்டும் அமுங்கிவிடும்.

மீந்ததைப் பிரிட்ஜில் வைத்தால் எந்த மாவும் கெட்டியாகும். நீர் தெளித்து, மூடிபோட்டு, கல்லிலேயே சூடாக்குங்கள். பிசைந்த மாவை மட்டும் மறுநாளைக்கு வைக்காதீர்கள்.