"உங்களை பிராண்ட் ஆக்குகிறோம்" என்று 145,000 ரூபா வாங்கினார்கள். திருகோணமலை ஆட்கள் கவனம்

பேஸ்புக்கில் அதே விளம்பரம் நேற்றிரவு மறுபடி ஓடுகிறது. "உங்கள் திறமையை உலகத்துக்குக் காட்டுங்கள், வீட்டிலிருந்தே டொலரில் உழையுங்கள்." இந்த முறை கூட்டம் உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். அதற்குப் போக நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். இதே ஆட்களிடம் நான் 145,000 ரூபா கொடுத்தேன். காசு போனது ஒரு பக்கம், என் பெயரும் அவர்கள் கையில் மாட்டிக்கொண்டது.

நான் வீட்டுப் பிளான் வரைகிறவள். பிரதேச சபை அனுமதிக்குக் கொடுக்கிற வரைபடங்கள், சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள், கடைகள் என்று ஆட்டோகேட் என்கிற கணினி மென்பொருளில் வரைந்து கொடுப்பேன். 2022இல் சீமெந்தும் கம்பியும் ஏறின ஏற்றத்தில் ஊரில் புதுவீடு கட்டுகிறவர்கள் குறைந்து போனார்கள். வெளிநாட்டு ஆட்களுக்கு வரைந்து கொடுக்கலாம் என்று அப்போதுதான் யோசித்தேன். அது நல்ல யோசனை, இப்போதும் சொல்கிறேன். வரைவு வேலையை வெளியே கொடுக்கிற சிறிய கட்டடக்கலை நிறுவனங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன. இணையத்தில் தேடுகிறவரின் கண்ணில் நம் வேலை படவேண்டும்.

அப்படித்தான் இதே ஆட்கள் முன்பு நடத்தின இலவசக் கருத்தரங்குக்குப் போனேன். அங்கே கோட் போட்ட ஒருவர் இரண்டு மணித்தியாலம் கதைத்தார். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை வரவில்லை. தேநீர் வேளையில்தான் நம்பிக்கை வந்தது. அவர்களுடைய ஆள், இருபத்தைந்து வயதிருக்கும், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நீங்க என்ன செய்யிறீங்க?" என்று கேட்டான். பையில் இருந்த ஒரு பிளானை எடுத்துக் காட்டினேன். நிலாவெளியில் ஒரு குடும்பத்துக்கு வரைந்த வீடு. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தருவான் என்று நினைத்தால், மேசையில் விரித்து வைத்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். "மேற்குப் பக்கம் மட்டும் ஏன் அக்கா ஜன்னல் சின்னன்?" என்று கேட்டான். கச்சான் அடிக்கிற மாதங்களில் அந்தப் பக்கத்தால் வருகிற சூட்டைச் சொன்னேன், கடல் பக்கம் விறாந்தையை ஏன் அகலமாக வைத்தேன் என்றும் சொன்னேன். கொப்பி எடுத்து அதையெல்லாம் எழுதிக்கொண்டான். "இதத்தான் அக்கா வெளிநாட்டுக்காரர் தேடுறாங்கள். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, மிச்சத்த நாங்க பாக்கிறம்."

இத்தனை வருடம் பிளான் வரைகிறேன். வீடு கட்டுகிறவர்கள்கூட அந்த ஜன்னலைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அவன் கேட்டான். அதுதான் என்னைக் காசு கட்ட வைத்தது. அந்தக் கேள்வி ஒவ்வொருவரிடமும் கேட்கப்படுகிற பாடம் பண்ணின கேள்வி என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைப் போலவே காசு கட்டிய, கேக் செய்கிற ஒரு தங்கச்சியிடம், "ஏன் இந்தப் பக்கம் மட்டும் பூ சின்னன்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

சரி, கணக்கைக் கேளுங்கள். "பேர்சனல் பிராண்டிங் பயிற்சி" என்று 45,000. என் பெயரில் இணையத்தளம் செய்ய 60,000. வெளிநாட்டு வேலைத் தளம் ஒன்றில் கணக்குத் திறக்கிற "நுழைவுக் கட்டணம்" என்று 40,000. மொத்தம் 145,000 ரூபா, என் சீட்டுக் காசு. மூன்று முறையும் ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்குத்தான் போட்டேன். கம்பனிக் கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

அந்த நுழைவுக் கட்டணம் முழுப் பொய். அப்வர்க், ஃபைவர் மாதிரி வேலைத் தளங்களில் சேர்வதற்குக் காசு இல்லை. அவர்கள் எடுப்பது வேலை கிடைத்த பிறகு வருமானத்தில் ஒரு பங்கு. ஃபைவர் 20 வீதம் எடுக்கும். அப்வர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்க டோக்கன் மாதிரி ஒன்று வாங்கவேண்டி வரும், அதுவும் சில டொலர்கள்தான். லிங்க்ட்இன்னில் பக்கம் திறப்பதும் இலவசம்.

இணையத்தளம் வந்தது. திறந்து பார்த்தேன். மேலே என் பெயர், என் படம். கீழே "எனது படைப்புகள்" என்று பைன் மரங்களுக்கு நடுவில் புகைபோக்கி வைத்த சரிவுக் கூரை வீடுகள்! நிலாவெளி வீடு எங்கே, விறாந்தை எங்கே, அவன் கொப்பியில் எழுதின கச்சான் எங்கே? கேட்டதற்கு, "அக்கா, அது சாம்பிள். பிறகு மாத்துவம்" என்றார்கள். மாற்றவே இல்லை. ஒரு வெளிநாட்டுக் கட்டடக்கலைஞர் எனக்கே மின்னஞ்சல் போட்டார். அதில் இரண்டு படம் அவருடைய வேலையாம், உடனே எடுக்கச் சொன்னார். படத்தை வைத்தே தேடுகிற கூகிள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது உண்மை. முன்பின் தெரியாத ஒரு மனிதர் என்னைத் திருடி என்று நினைத்தார். அந்த மின்னஞ்சலை வாசித்தபோது வந்த அவமானம் இன்னும் போகவில்லை.

வேலைத் தளக் கணக்கில் நடந்தது இன்னும் மோசம். என் அடையாள அட்டையையும் என் முகத்தையும் வைத்துக் கணக்கைத் திறந்து, தங்கள் ஆட்களை வைத்தே எனக்குப் பொய் வேலை கொடுத்து, ஐந்து நட்சத்திர மதிப்புரை போட்டிருக்கிறார்கள். நான் வேலையே செய்யாத ஆட்கள் "அருமையான வரைபடம்" என்று எழுதியிருந்தார்கள். யார் இவர்கள் என்று கேட்டதற்கு, "எங்கட நெட்வேர்க் அக்கா, ஆரம்பத்தில இப்பிடித்தான் தூக்கிவிடுறது." தளம் கண்டுபிடித்துக் கணக்கை நிரந்தரமாக முடக்கிவிட்டது. இப்படியான தளங்களில் ஒரு ஆளுக்கு ஒரு கணக்குத்தான். என் பெயரில் இன்னொன்று திறக்க வழியில்லை. பொய் மதிப்புரை போட்டவர்கள் நாளைக்கு வேறொருத்தியின் அடையாள அட்டையோடு நிற்பார்கள், எனக்குக் கதவு பூட்டினது பூட்டினதுதான்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில், "அல்கொரிதம் சூடாகக் கொஞ்ச நாள் எடுக்கும் அக்கா." அப்புறம், "சேர் கொழும்பில மீட்டிங்." அப்புறம், "நீங்க தினமும் போஸ்ட் போடேல்லத்தானே, அதுதான் பிரச்சினை." வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழும், பதில் வராது. பிரதான வீதிப் பக்கம் மாடியில் இருந்த கந்தோருக்குப் போனேன். பூட்டு. கீழே போட்டோகொப்பிக் கடை ஐயா, "நீங்களும் காசு குடுத்தனீங்களா பிள்ளை?" என்று கேட்டார். நீங்களும்! கடைசியாக, கருத்தரங்கில் என் பிளானைப் பார்த்துக் கொப்பியில் எழுதின அந்தத் தம்பியையே போனில் பிடித்தேன். "நான் இப்ப அங்க வேலை இல்ல அக்கா" என்று வைத்துவிட்டான். நேற்றைய விளம்பரப் படத்தில் இரண்டாவது வரிசையில் அவன்தான் நிற்கிறான்.

காசைத் திருப்பித் தராவிட்டால் பரவாயில்லை, என் பெயரில் இருக்கிற டொமைனையாவது, அதாவது இணையத்தள முகவரியையாவது தாருங்கள் என்று கேட்டேன். அதற்குத் தனியாக 25,000 கேட்டார்கள். அதன் பிறகு என்னை பிளொக் பண்ணிவிட்டார்கள். ஒரு டொட் கொம் முகவரி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து டொலர் அளவில்தான் வரும். அதை அவர்கள் தங்கள் கணக்கில், தங்கள் மின்னஞ்சலில் பதிந்திருக்கிறார்கள். டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினேன். கணக்கு வைத்திருப்பவர் கேட்டால்தான் மாற்றுவோம் என்று பதில் வந்தது. வழக்காடலாம் என்று பார்த்தால், உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஒரு டொமைன் தகராறுக்கான குறைந்த கட்டணமே 1,500 டொலர். அதுவும் பெயருக்கு வர்த்தகக் குறி உரிமை காட்டவேண்டும். ஊரில் பிளான் வரைகிற எனக்கு ஏது வர்த்தகக் குறி? இன்றைக்கும் கூகிளில் என் பெயரைப் போட்டால் முதலில் வருவது அந்தப் பைன் மரங்கள்தான்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமானதை மட்டும் சொல்கிறேன். டொமைனை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் வாங்குங்கள், தளத்தை யார் செய்தாலும் சரி. அடையாள அட்டைப் படத்தையும் கடவுச்சொல்லையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். தனியாளின் கணக்குக்குக் காசு போடாதீர்கள். வியாபாரப் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கம்பனி என்றால் கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். மதிப்புரை வாங்கித் தருகிறோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். உங்கள் சொந்த வேலை நாலு படம் இருந்தால் போதும், மற்றவர் படம் ஒன்றுகூட வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லிவிட்டேன், எழுத்திலும் கொடுக்கப் போகிறேன். இணைய மோசடி என்றால் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (CERT) 101 இலக்கமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பொலிஸில் முறைப்பாடு போடுகிறேன். அந்த தங்கச்சியும் வருகிறாள். இதே ஆட்களிடம் காசு கட்டினவர்கள் வங்கிச் சிட்டையையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். வியாழனுக்கு முதல் எனக்கு எழுதுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்போம். என் 145,000 ரூபாவை நான் விடப்போவதில்லை.