பவர்ஷெல் 7: ஹேஷ்டேபிளும் அதைப் போலத் தோன்றும் மற்றவையும்

விண்டோஸ் சர்வர்களைப் பராமரிப்போர், மைக்ரோசாஃப்டின் ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லில் தரவை வைக்கும் மூன்று அமைப்புகளை அடிக்கடி எதிர்கொள்கிறார்கள்: சாவியும் அதற்கான மதிப்புமாகத் தரவை வைக்கும் சாதாரண ஹேஷ்டேபிள், 2012இல் மூன்றாம் பதிப்போடு வந்த, சேர்த்த வரிசையைக் காக்கும் ‘ஆர்டர்டு’ வகை, ஜேசன் (தரவைப் பரிமாறப் பயன்படும் எழுத்து வடிவம்) கோப்பைப் படிக்கையில் கிடைக்கும், பெயரிட்ட பண்புகள் கொண்ட பிஎஸ்கஸ்டம்ஆப்ஜெக்ட். மூன்றிலும் புள்ளி வைத்துப் பெயரை எழுதினால் மதிப்பு வந்துவிடுகிறது. குழப்பத்தின் பெரும்பகுதி இந்த ஒற்றுமையிலேயே தொடங்குகிறது.

ஹேஷ்டேபிளில் புதிய சாவியைப் புள்ளி வைத்தே சேர்க்கலாம். அதே வரி பிஎஸ்கஸ்டம்ஆப்ஜெக்டில் ‘அப்படியொரு பண்பு இல்லை’ என்று நின்றுவிடும். ஒரு சாவி இருக்கிறதா என்று பார்க்க ஹேஷ்டேபிளுக்குக் கன்டெய்ன்ஸ்கீ உண்டு, ஆர்டர்டு வகைக்குக் கன்டெய்ன்ஸ் மட்டுமே என்பதால், வரிசைக்காக வகையை மாற்றியவுடன் நன்றாக ஓடிய ஸ்கிரிப்ட் முறிவதுண்டு. பிழைச்செய்தி வருவதால் இவற்றைச் சரிசெய்வது எளிது. செய்தியே இல்லாமல் ஏமாற்றுபவைதான் என் பார்வையில் கொடியவை. எண்ணாகிய 1ஐச் சாவியாக வைத்த ஹேஷ்டேபிளில், சிஎஸ்வி கோப்பிலிருந்து எழுத்துச்சரமாக வந்த ‘1’ஐக் கொண்டு தேடினால், எந்த எச்சரிக்கையும் இன்றி வெற்று மதிப்பே கிடைக்கும். ஆர்டர்டு வகையிலோ சதுர அடைப்புக்குள் எண்ணைக் கொடுத்தால் அது சாவியாக அல்லாமல் இடமாகக் கொள்ளப்பட்டு, 1 என்பது இரண்டாவது உறுப்பையே தரும்.

இவற்றைக் கண்டறியப் பவர்ஷெல் தரும் வசதிகள் உண்மையிலேயே சிறந்தவை. கெட்டைப் வகையின் பெயரைச் சொல்லும். கெட்-மெம்பர் அதனால் செய்யக்கூடியவற்றைக் காட்டும். சாவி-மதிப்பு அமைப்புகளுக்குப் பொதுவான ஐடிக்ஷனரி வகைதானா என்று ‘-இஸ்’ கொண்டு கேட்டால் ஹேஷ்டேபிள், ஆர்டர்டு இரண்டும் ஆம் என்னும், பிஎஸ்கஸ்டம்ஆப்ஜெக்ட் இல்லை என்னும். ஒரு ஃபங்ஷனின் முதல் வரியிலேயே இந்தச் சோதனையை வைப்பது நல்லது.

விண்டோஸோடு வரும் 5.1இலிருந்து 7க்கு மாற, ஜேசனைப் படிக்கும் கன்வர்ட்ஃப்ரம்-ஜேசன் கட்டளையில் உள்ள, முடிவை ஹேஷ்டேபிளாகவே தரும் ஆஸ்ஹேஷ்டேபிள் தெரிவு ஒன்றே எனக்குப் போதுமான காரணம். பெரிய எழுத்து, சிறிய எழுத்தில் மட்டும் வேறுபடும் இரு சாவிகள் கொண்ட ஜேசனையும் அது ஏற்கிறது, 7.3 முதல் சாவிகளின் வரிசையும் காக்கப்படுகிறது. ஆனால் தரவை ஜேசனாக எழுதும் கன்வர்ட்டு-ஜேசன் இயல்பாக இரண்டு நிலை ஆழத்தோடு நிறுத்திக்கொண்டு, அதற்குக் கீழுள்ள ஹேஷ்டேபிளுக்குப் பதிலாக அதன் வகைப்பெயரை எழுதுவது இன்னமும் மாறவில்லை; டெப்த் அளவை ஒவ்வொரு முறையும் நாமே கொடுக்க வேண்டியிருக்கிறது. 5.1ஐ அகற்றாமலே அதனருகில் 7ஐ நிறுவலாம் என்பதால், ஜேசனோடு அதிகம் புழங்கும் ஸ்கிரிப்டுகளை முதலில் மாற்றிப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன்.