டிக் கோகனின் ‘ஹேண்ட்ஃபுல் ஆஃப் எர்த்’: எங்கே கேட்கத் தொடங்குவது?

ஸ்காட்லாந்தின் லீத் பகுதியில் வளர்ந்த நாட்டுப்புறப் பாடகர், கிட்டார் கலைஞர் டிக் கோகனை அறிய, 1981-இல் டாபிக் நிறுவனம் வெளியிட்ட இந்த ஆல்பமே சரியான வாசல். பாய்ஸ் ஆஃப் த லாஃப், ஃபைவ் ஹேண்ட் ரீல் இசைக்குழுக்களில் இருந்தவர். இங்கே முன்னால் நிற்பது அவர் குரலும் கிட்டாரும்தான்.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் ‘நவ் வெஸ்ட்லின் விண்ட்ஸ்’ ஒன்றுக்கே கொடுத்த காசு செரித்துவிடும். வேட்டைத் துப்பாக்கியில் தொடங்கிக் காதலில் முடிகிற பாட்டு. சொல்லை இழுத்து, நிறுத்தி, விடுகிறார், அவசரமே இல்லை.

வாசித்துப் பார்க்க ஆசையா? அவர் பயன்படுத்திய கிட்டார் சுதிகளில் ஒன்று டி-ஏ-டி-ஜி-ஏ-டி (தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரையான ஸ்வரங்கள்). வழக்கமான சுதியிலிருந்து 6, 2, 1 ஆம் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள். கழுத்தின் இழுவிசை குறைவதால் மற்ற மூன்றும் சற்றே ஏறும், மறுபடி சரிபாருங்கள். 0.010 செட் (மெல்லிய தந்தியின் தடிமன், அங்குலத்தில்) போட்டிருந்தால் ஆறாம் தந்தி தொளதொளத்து ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் உலோகக் கட்டையில், உரசி இரையும். 0.012 அல்லது 0.013 செட்தான் தாங்கும்.

ஆல்பத்தைக் கேட்பதில் ஒரு சிரமம்: ஸ்காட்ஸ் (ஸ்காட்லாந்து மொழி) உச்சரிப்பு. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் தடுமாறுவார்கள். முதல்முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.